வீட்டில் போடும் எல்இடி முக மாஸ்க்: ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்று நீங்களே சோதிக்கும் முறை

கடந்த இரண்டு வருடத்தில் சொந்தபந்தத்துக்குள் மட்டும் ஆறு எல்இடி மாஸ்க், அதாவது உள்பக்கம் சின்னச் சின்ன பல்பு பதித்து முகத்தில் ஒளி அடிக்கும் மாஸ்க், என் மேசைக்கு வந்துவிட்டது. எல்இடி விளக்கு, பேனல் பழுதுபார்ப்பது என் வேலை என்பதால் "இது நல்லதான்னு கொஞ்சம் பாருங்க" என்று கொண்டு வருவார்கள். எல்லாரும் செய்த தப்பு ஒன்றுதான்: வரிசை. முதலில் வாங்கினார்கள், அப்புறம் போட்டார்கள், பத்து நாள் கழித்துதான் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று யோசித்தார்கள், ஒரு மாதம் கழித்து "முன்னாடி எப்படி இருந்துச்சு" என்று போனில் பழைய படம் தேடினால் கல்யாண வீட்டில் மேக்கப்போடு எடுத்த படம்தான் கிடைத்தது.

கீழே இருப்பது அந்த வரிசையைத் திருப்பிப் போட்ட முறை. நான் தோல் டாக்டர் இல்லை. டாக்டரிடம் கேட்க வேண்டிய இடம் எது என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். முதல் நான்கு படியும் மாஸ்க் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. அங்கேயே நின்றுவிட்டால் காசு மிச்சம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வீட்டில் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, துணி அளக்கும் டேப், போன், ஒரு பழைய சிடி, கறுப்புச் சார்ட் அட்டை ஒன்று, ஒரு நோட்டு.

## 1. எதற்காகப் போடுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"முகம் நல்லா ஆகணும்" என்று எழுதினால் பன்னிரண்டு வாரம் கழித்து பலன் வந்ததா இல்லையா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. "கன்னத்தில் வரும் சிவந்த பரு குறைய வேண்டும்", "கண்ணோரக் கோடு மெலிய வேண்டும்" என்பது போல எண்ணிப் பார்க்கவோ படத்தில் காட்டவோ முடிகிற ஒன்றை எழுதுங்கள்.

காரணம், இந்த ஒளிக்கு ஓரளவு ஆதாரம் இருப்பது இரண்டே விஷயத்துக்கு. ஒன்று, சிவந்து வீங்கிய சாதாரணப் பரு. பருவில் இருக்கும் பாக்டீரியா போர்பிரின் என்ற பொருளைத் தானே சுரக்கிறது. 415 நானோமீட்டர் அலைநீளத்தை (ஒளி எந்த நிறம் என்று சொல்லும் எண் இது) ஒட்டிய நீல ஒளி பட்டால் அந்தப் பொருள் வினைபுரிந்து பாக்டீரியாவையே கொல்கிறது. 2000-ல் பிரிட்டனில் 107 பேரை வைத்து நடந்த ஆய்வில், நீலமும் சிவப்பும் சேர்த்து 12 வாரம் தினமும் வாங்கியவர்களுக்குச் சிவந்த பரு சராசரியாக 76 சதவீதம் சீரானது. ஆனால் அது விளக்கு, மாஸ்க் இல்லை. பருவுக்கான ஒளிச் சிகிச்சைகளைப் பற்றிய 71 ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரமான ஆதாரம் போதவில்லை என்றுதான் முடித்தது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

இரண்டாவது, மெல்லிய சுருக்கம். 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பும், 830-ஐ ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி, தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் புரதத்தின் உற்பத்தியைக் கூட்டுவதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு.

குழித் தழும்பு, மூக்கு மேல் இருக்கும் கரும்புள்ளி, தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக வலிக்கும் பரு, தொங்கும் தாடை, நிறம் வெளுப்பது, இதில் ஏதாவது உங்கள் வரியில் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம். மங்கு என்றால் நிறுத்தியே ஆக வேண்டும், காரணம் நான்காவது படியில் வருகிறது.

## 2. மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள்

இதை எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். என் அத்தை மகள் பருவுக்கு டாக்டர் கொடுத்த டாக்சிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டே, சீக்கிரம் போகட்டும் என்று நீல மாஸ்க்கும் வாங்கிவிட்டாள். ஒளிக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்துகளின் பட்டியலில் முன்வரிசையில் இருப்பது டாக்சிசைக்ளின். பரு இருப்பவர்தான் மாஸ்க் வாங்குகிறார், பரு இருப்பவருக்குத்தான் அந்த மாத்திரையும் தருகிறார்கள், அதனால் இந்த மோதல் அடிக்கடி நடக்கும்.

பார்க்க வேண்டிய பெயர்கள்: டாக்சிசைக்ளினும் அதன் வகையறாவும், ஐசோட்ரெடினாயின், சிப்ரோஃப்ளாக்சசின், மூட்டு வலிக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட். அம்மாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரோதயசைடு, அதுவும் இந்தப் பட்டியலில் உண்டு.

இவற்றில் பல முக்கியமாகப் புற ஊதாக் கதிருக்குத்தான் வினைபுரியும், மாஸ்க்கில் அது இல்லை, உண்மைதான். ஆனால் சில மருந்துகளின் வீச்சு நீலம் வரை நீளும். மாத்திரை அட்டையைக் காட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

நம்மூருக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. வீட்டில் அரைக்கும் குளியல் பொடியில், நலங்கு மாவில் கார்போக அரிசி சேர்ப்பார்கள். அதில் இருப்பது சோராலென், வெண்புள்ளி சிகிச்சையில் வேண்டுமென்றே ஒளிக்குத் தோலைத் தயார்படுத்தப் பயன்படும் அதே பொருள். எலுமிச்சைத் தோலிலும் அதே குடும்பத்துப் பொருள் உண்டு. இதுவும் முக்கியமாகப் புற ஊதாவுக்குத்தான், ஆனாலும் முகத்தில் அதைத் தேய்த்த நாளில் நீல ஒளி வேண்டாம் என்று நான் எங்கள் வீட்டில் சட்டமே போட்டிருக்கிறேன்.

லூபஸ், போர்பிரியா, தோல் புற்றுநோய் வந்த வரலாறு, வலிப்பு நோய், இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் பிள்ளை பிறக்கும் வரை தள்ளிப் போடலாம், சுருக்கம் எங்கும் ஓடிவிடாது.

## 3. கண்

2019 ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் நியூட்ரோஜீனா பரு மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. விழித்திரையில் ஏற்கெனவே குறை உள்ளவர்களுக்கும், கண்ணை ஒளிக்குக் கூச வைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கண் பாதிப்பு வரக்கூடும் என்பதுதான் காரணம். மற்றவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே அந்த நிறுவனம் சொன்னது, ஆனாலும் திரும்பப் பெற்றது.

அதனால் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, சர்க்கரையால் வந்த விழித்திரைக் கோளாறு, மாகுலா தேய்மானம் இருப்பவர்கள், சமீபத்தில் கண் அறுவை செய்தவர்கள், கண் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கண் நன்றாக இருப்பவர்களும் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நீல ஒளியில் விழித்திரையை அதிகம் தாக்கும் பகுதி 435-440 நானோமீட்டர் சுற்றுவட்டாரம், பரு மாஸ்க்கின் நீலம் அதற்குப் பக்கத்து வீடு. அகச்சிவப்போ கண்ணுக்கே தெரியாது. தெரியாததால் இமை தானாக மூடாது. "கண்ணைக் கூசலையே, அப்ப ஒண்ணும் ஆகாது" என்பது அதற்குப் பொருந்தாது.

இந்தப் படியில் இது ஒன்று மட்டும் மாஸ்க் கைக்கு வந்த பிறகு: கண்பகுதி திறந்திருக்கும் மாஸ்க்கோடு வரும் கண்மூடியை எடுத்து முகத்தில் வைத்து, மாஸ்க்கைப் போடாமலே இருட்டு அறையில் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மூக்கோரம் வெளிச்சம் கசிந்தால் மாஸ்க்கிலும் கசியும். கண்மூடியைப் போட்டுக்கொண்டு வேறெதுவும் செய்ய முடியாது என்பதால் எல்லாரும் இரண்டாம் நாளே அதைக் கழற்றிவிட்டு ரீல்ஸ் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். பாட்டுப் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள், பத்து நிமிடம்தானே.

## 4. நம் தோல் நிறத்துக்கு எந்த ஒளி

விளம்பரங்கள் அடியோடு தவிர்க்கும் இடம் இது. தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து வகைக்குள் வருவோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியே, புற ஊதா இல்லாமலே, இந்த வகைத் தோலைக் கறுக்க வைக்கும் என்றும், வெளிர் தோலில் அப்படி நடக்கவில்லை என்றும் 2010-ல் வந்த ஆய்வு காட்டியது. 2014-ல் வந்த இன்னொன்று நிறத்தைப் பிரித்துப் பார்த்தது: 415 நானோமீட்டர் நீலம் கறுக்க வைத்தது, 630 சிவப்பு கறுக்க வைக்கவில்லை.

அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் அதே நீலம்தான் பரு போன இடத்தில் கறையையும் ஆழமாக்கக்கூடும். பரு குறைந்து கறை கூடினால் அதைப் பலன் என்று யாரும் சொல்ல மாட்டோம். என் தீர்ப்பு இது: பரு வந்த இடமெல்லாம் கறுப்பாக நிற்கிற தோலா? நீலம் உங்களுக்கு இல்லை. மங்கு இருக்கிறதா, அல்லது கர்ப்ப காலத்தில் வந்து போயிற்றா? நீலம் கட்டாயம் வேண்டாம். சூடும் மங்கைக் கிளறும் என்பதால் சிவப்பும் அகச்சிவப்பும் கூட டாக்டர் சொன்னால் மட்டும்.

சிவப்பிலும் கறுத்த தோல் தாங்கும் உச்ச அளவு வெளிர் தோலைவிடக் குறைவு என்று ஆய்வு உண்டு. அந்த உச்சம் வீட்டு மாஸ்க் தருவதைவிடப் பல மடங்கு மேலே இருப்பதால் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம், ஆனால் "கூட நேரம் வச்சா கூட பலன்" என்று அரைமணி நேரம் போடும் பழக்கம் வேண்டாம். இந்த ஒளிக்கு ஒரு அளவு வரைதான் பலன். அதைத் தாண்டினால் பலன் குறையவும் செய்யும்.

## 5. பெட்டியில் மூன்று எண்ணைத் தேடுங்கள்

அலைநீளம் நானோமீட்டரில், ஒளிச்செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம். இந்த மூன்றும் இருந்தால் தோலுக்குப் போகும் அளவை நீங்களே கணக்குப் போடலாம்: மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஆற்றல் போகிறது என்று வரும். 30 மில்லிவாட், 10 நிமிடம் என்றால் 30 பெருக்கல் 600, வகுத்தல் 1000, 18 ஜூல்.

"150 பல்பு", "ஏழு நிறம்" என்பதெல்லாம் எண் மாதிரி தெரியும், ஆனால் ஒன்றையும் சொல்லாது.

ஒப்பிட ஒரு அளவு வேண்டுமே. 2007-ல் கொரியாவில் பாதி முகத்துக்கு மட்டும் ஒளி கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டு, சுருக்கம் குறைந்ததாகக் காட்டிய ஆய்வில் சிவப்புக்கு 105 மில்லிவாட்டில் 20 நிமிடம், 126 ஜூல் கொடுத்தார்கள். அது ஆஸ்பத்திரி விளக்கு. 2023-ல் 20 பெண்களுக்கு மூன்று மாதம் சிவப்பு மாஸ்க்கே கொடுத்துப் பார்த்ததில் ஒரு தடவைக்கு 15.6 ஜூல், 12 நிமிடம், வாரம் இரண்டு முறை. முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் ஒப்பிட மாஸ்க் போடாத குழு எதுவும் இல்லை. உங்கள் மாஸ்க் இந்த இரண்டாவது எண்ணின் பக்கமாவது வருகிறதா என்பதுதான் கேள்வி.

## 6. பெட்டியில் உள்ள எண் பொய்யா என்று கண்டுபிடியுங்கள்

வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த படி இதுதான். விளக்குக்குள் போகும் மின்சாரத்தைவிட அதிக ஒளி வெளியே வர முடியாது. அவ்வளவுதான் விதி.

சித்தி கொண்டு வந்த மாஸ்க்கின் பெட்டியில் "100 மில்லிவாட்" என்று போட்டிருந்தது. அடாப்டரைத் திருப்பினேன்: 5 வோல்ட், 1 ஆம்பியர். பேட்டரி கிடையாது, வயரோடுதான் எரியும். அப்படியென்றால் உள்ளே போவது அதிகபட்சம் 5 வாட். டேப்பை எடுத்து மாஸ்க்கின் உள்பக்கம் அளந்தோம், நீளம் 20, அகலம் 15, ஏறக்குறைய 300 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 மில்லிவாட் என்றால் மொத்தம் 30 வாட் ஒளி வர வேண்டும். 5 வாட் போட்டால் 30 வாட் வருமா? "அப்ப பெட்டியில போட்டிருக்கானே" என்றார் சித்தி. போடலாம், பெட்டி அட்டைதானே.

உண்மையில் எவ்வளவு வரும்? எல்இடி உள்வாங்கும் மின்சாரத்தில் ஒரு பகுதிதான் ஒளியாகும், மீதி சூடு. தாராளமாக 40 சதவீதம் வைத்தால் 2 வாட் ஒளி, 300-ஆல் வகுத்தால் 7 மில்லிவாட் கூட இல்லை. 10 நிமிடத்துக்கு 4 ஜூல்.

பேட்டரி உள்ள மாஸ்க் என்றால் அடாப்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள், சார்ஜ் ஏறும் வேகமும் எரியும் வேகமும் வேறு. பேட்டரி அளவைப் பாருங்கள். 2000 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் மொத்தம் 7.4 வாட்-மணி. முழு சார்ஜில் பத்து தடவை பத்து நிமிடம் ஓடும் என்று அவர்களே பெருமையாகப் போட்டிருந்தால் மொத்தம் 100 நிமிடம், 7.4-ஐ 1.67 மணியால் வகுத்தால் சுமார் 4.4 வாட். மேலே செய்த கணக்கை அப்படியே போட்டால் 6 மில்லிவாட். "ரொம்ப நாள் சார்ஜ் நிக்குது" என்பது போனுக்கு நல்ல செய்தி, மாஸ்க்குக்குக் கெட்ட செய்தி.

கணக்கில் குறைவாக வந்தால் மாஸ்க் ஆபத்து என்று அர்த்தம் இல்லை, பலன் எதிர்பார்க்காதீர்கள் என்று அர்த்தம். ஆனால் பெட்டியில் ஒரு எண்ணைப் பொய்யாக அச்சடித்தவர் அலைநீளத்தை மட்டும் உண்மையாகப் போட்டிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வராது.

## 7. எஃப்டிஏ என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள்

மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ விஷயத்தில் "பதிவு பெற்றது" என்றால் நிறுவனம் தன் பெயரையும் பொருளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அவ்வளவே. பதிவுக்குச் சான்றிதழ் எதையும் எஃப்டிஏ கொடுப்பதில்லை, அதனால் முத்திரையோடு சான்றிதழ் படம் போட்டிருந்தால் அது சந்தேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். கொஞ்சமாவது எடை உள்ளது 510-கே என்ற அனுமதி. அதற்கு 'கே' எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட எண் இருக்கும், எஃப்டிஏவின் இணையத் தேடலில் அதைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள், பருவுக்கா சுருக்கத்துக்கா என்று வரும். பருவுக்கு வாங்கிய அனுமதியைக் காட்டி "மங்கு போகும்" என்று விற்பதும் நடக்கிறது.

அந்த அனுமதியும், சந்தையில் முன்பே உள்ள ஒரு கருவிக்கு இது பாதுகாப்பிலும் பயனிலும் சமமானது என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் முகத்தில் பலன் தரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

இந்தியாவில் மருத்துவக் கருவி என்று சொல்லி இறக்குமதி செய்தால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவின் உரிமம் வேண்டும். விற்பவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். "இது பியூட்டி ஐட்டம் மேடம்" என்று பதில் வந்தால், விளம்பரத்தில் இருக்கும் "சிகிச்சை" என்ற வார்த்தையை அன்றோடு மறந்துவிடுங்கள்.

## 8. பார்சல் பிரித்ததும், முகத்தில் வைக்கும் முன்

முதலில் நிறம். மாஸ்க்கை மேசையில் வைத்து, உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, அதன் ஒளியைச் சிடியின் பளபளப்பான பக்கத்தில் விழவைத்துப் படம் எடுங்கள். நேராகக் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். சிடி ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். "மஞ்சள், 590 நானோமீட்டர்" என்று விற்கும் ஏழு நிற மாஸ்க் பலவற்றில் மஞ்சளைப் போட்டுச் சிடியில் பார்த்தால் சிவப்பும் பச்சையும் தனித்தனியாக விழும். உள்ளே இருப்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றே சில்லுதான், கல்யாண மண்டபத்துச் சீரியல் செட் மாதிரி, மஞ்சள் என்பது நம் கண் செய்யும் கலவை. தோலுக்கு அந்தக் கலவை தெரியாது.

நீலத்திலும் இதே கதை. உண்மையான 415 நானோமீட்டர் பார்க்கக் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். பளிச்சென்று அடர் நீலமாக எரிந்தால் அது பெரும்பாலும் 460-470, மலிவான சில்லில் வருவது. போர்பிரின் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும், ஆக பருவுக்கான வேலை சரியாக நடக்காது.

அகச்சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள், டிவி ரிமோட்டைச் சோதிப்போமே, அது மாதிரி. கண்ணுக்கு அணைந்த மாதிரியோ மங்கலான சிவப்பாகவோ இருக்கும் பல்புகள் திரையில் வெளிறிய ஊதாவாக எரியும். பின்பக்கக் கேமராவில் பல போன்கள் அதை வடிகட்டிவிடும், அதனால் முன்பக்கம். இது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், 830-ஆ 940-ஆ என்று சொல்லாது.

அப்புறம் சூடு. முகத்தில் போடாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு உள்ளங்கையின் பின்புறத்தை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒரே ஒரு இடம் மட்டும் சுட்டால், பிளாஸ்டிக் வாடை வந்தால், திருப்பி அனுப்புங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டே முகத்தில் போடுவது எக்காலத்திலும் வேண்டாம்.

## 9. கையில் ஒரு சோதனை

முகத்தில் போவதற்கு முன் மேல்கையின் உள்பக்கம், வெயில் படாத இடத்தில், மாஸ்க்கின் ஒரு ஓரத்தை வைத்து வழக்கமான நேரம் ஓடவிடுங்கள். பாதி இடத்தைச் சார்ட் அட்டையால் மறைத்துவிடுங்கள், ஒப்பிட வேண்டுமே. சிவப்புக்கு மூன்று நாள் போதும்: அரிப்பு, மறுநாள் வரை நிற்கும் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தால் சரி.

நீலத்துக்கு ஐந்து நாள் தொடர்ந்து வைத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருங்கள். கறுப்பு மெதுவாகத்தான் வெளியே வரும், வந்தால் மாதக்கணக்கில் நிற்கும். கையில் மறைத்த பாதிக்கும் மறைக்காத பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால், முகத்தில் என்ன ஆகும் என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. கையும் முகமும் ஒன்றில்லைதான், கையில் தெரியாதது முகத்தில் வரலாம். ஆனால் கையில் வந்தது முகத்தில் வராது என்று நம்ப வழியில்லை.

## 10. தொடக்கப் படமும் எண்ணிக்கையும்

போன் செல்ஃபி கேமரா சொல்லாமலே தோலை வழவழப்பாக்கும். பின்பக்கக் கேமரா, அழகூட்டும் அமைப்பு எல்லாம் அணைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், ஒரே ஜன்னல், ஒரே நேரம். காலை பத்து மணி என்று வைத்துக்கொள்ளலாம். முகம் கழுவி அரைமணி நேரம் கழித்து, நேராக ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. தரையில் நிற்கும் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள், அடுத்த மாதம் அரை அடி தள்ளி நின்றாலே சுருக்கம் "குறைந்துவிடும்".

நான்கு வாரத்துக்கு ஒரு படம். பெண்களுக்கு இந்த இடைவெளி இன்னொரு விதத்திலும் சரி: மாதவிடாய்க்கு முன்வாரம் பரு கூடும், நடுவில் குறையும், நினைத்த நாளில் எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம்தான் படத்தில் விழும்.

சிவந்த பருவை மட்டும் எண்ணி நோட்டில் எழுதுங்கள், இடம் வலம் தனித்தனியாக.

பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு யோசனை: எட்டு வாரம் பாதி முகத்துக்கு மட்டும் ஒளி கொடுங்கள். மறுபாதியில் பல்புக்கும் முகத்துக்கும் நடுவே கறுப்புச் சார்ட் அட்டையை வெட்டி வையுங்கள், சூடு போகும் துளையை மறைக்காமல். அலுமினியத் தாள் வேண்டாம், பல்பின் காலில் பட்டால் ஷார்ட் ஆகும். எந்தப் பக்கம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பரு அதிகம் உள்ள பக்கத்தைத்தான் எல்லாரும் தேர்ந்தெடுப்பார்கள், அது தானாகவே குறையும் வாய்ப்பும் அந்தப் பக்கம்தான் அதிகம். கார் ஓட்டுகிறவர்களுக்கு வலது கன்னத்தில் வெயில் கூட விழும், அதையும் கணக்கில் வையுங்கள்.

நான் இப்படிச் செய்தேன். பருவில் ஒளி பட்ட பக்கம் குறைந்தது எண்ணிக்கையில் தெரிந்தது. நெற்றிக் கோட்டில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் சொல்லச் சொல்லிப் படங்களை மனைவியிடம் காட்டினேன், அவள் தப்பான பாதியைக் காட்டினாள்.

## 11. போடும் அன்று வரிசை

முகத்தைக் கழுவித் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். மேக்கப், சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன் இருந்தால் ஒளி அங்கேயே நின்றுவிடும். ரெட்டினால், அடாபலீன், ஆசிட் சீரம் எல்லாம் மாஸ்க்குக்கு அப்புறம்தான், முடிந்தால் வேறு நாளில். எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் அல்லவா. அப்புறம் கண்மூடி, அப்புறம் மாஸ்க், கடைசியில் சுவிட்ச். முதலில் சுவிட்சைப் போட்டுவிட்டு முகத்துக்குக் கொண்டு போகிறவர்கள்தான் அதிகம், கண்ணில் நேராக அடிப்பது அந்த இரண்டு விநாடியில்தான்.

நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்பது கையேட்டில் உள்ளபடி. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். முடிந்ததும் மாய்ஸ்சரைசர். காலையில் சன்ஸ்கிரீன், நம் தோலுக்கு அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நிறம் கலந்த வகை நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதுதான் தடுக்கும்.

ஒரே மாஸ்க்கை அக்கா, தங்கை, அம்மா மூன்று பேரும் போடுகிற வீடுகளில் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைத் துடையுங்கள். அதைவிட முக்கியம், இரண்டாவது படியை மூன்று பேருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

## 12. பன்னிரண்டாம் வாரம், அதற்கு முன்பே நிறுத்த வேண்டியது எப்போது

பத்து நாளில் "முகம் பளிச்சுன்னு இருக்கு" என்று தோன்றுவது பெரும்பாலும் பத்து நிமிடச் சூட்டில் வரும் இரத்த ஓட்டம், ஒரு மணி நேரத்தில் போய்விடும். பருவுக்கு எட்டு வாரம், சுருக்கத்துக்குப் பன்னிரண்டு வாரம் ஆன பிறகு படங்களை அருகருகே வைத்து, எது முன்பு எது பின்பு என்று சொல்லாமல், வீட்டில் வேறு யாரிடமாவது கேளுங்கள். அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் மாஸ்க் வேலை செய்யவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று இழுக்க வேண்டாம். பருவுக்குப் பலன் கிடைத்தவர்களும் முழுக்க விட்டுவிட்டால் திரும்ப வரும், வாரம் ஒன்றிரண்டு முறையாவது தொடர வேண்டியிருக்கும்.

இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்துங்கள்: மறுநாள் காலை வரை நிற்கும் சிவப்பு, புதிதாகப் பழுப்புத் திட்டு, பழைய கறை ஆழமாவது, ஒவ்வொரு முறையும் வரும் தலைவலி. கண்வலி, பார்வையில் புள்ளி, மங்கல் வந்தால் மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். அலைநீளம் எழுதிய பெட்டியும் கூடவே போகட்டும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மாஸ்க்கின் பேட்டரிப் பகுதி லேசாக உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.